நிகர எடை

கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தின் ஏழாம் வாசலில்
லாரிகளை நிறுத்துவதும் நிறுப்பதும் என் வேலை.
ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரு தரம்,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு தரம்.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்
தானியம்.
பதினெட்டு வருடம் இப்படிக் கழித்திருக்கிறேன்.

ஒரு லாரி இறங்கி அடுத்தது மேடையேற
தொண்ணூறு விநாடி.
நாவலுக்குப் போதாது.
சிறுகதைக்குத் தாராளம்.

முதலில் எல்லோரையும்போலப் பெரிதாகத்தான் ஆரம்பித்தேன்.
கப்பல் ஓட்டினேன். ஒரு மந்திரியை அறைந்தேன்.
பனிமலையில் வழிதவறிய நால்வரை
ஐந்தாம் நாள் கண்டுபிடித்தேன்,
அவர்களில் ஒருவன் பார்க்க நன்றாகவே இருந்தான்.
பார்லித் தூசி மிதக்கும் காப்பி
ஒவ்வொரு நாளும் ஆறிப்போயிற்று.

பிறகு அலுத்துவிட்டது.
எவ்வளவு உப்புப் போட்டாலும் வீரம் ஒரே ருசி.
நாற்பது வயதில் எனக்கு வேண்டியிருந்தது
ஒரு வீடு.
டிராம் ஓடும் ஏதோ ஓர் ஊரில், மூன்றாம் மாடியில்,
மஞ்சள் கதவு வைத்தது.
ஒரு பியானோ, வாசிக்கத்தான் தெரியாது.
அங்கே என் பெயர் ஸம்ஃபிரா இல்லை.
என்னவென்று சொல்லமாட்டேன்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே
கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறினேன்.
மக்காச்சோளக் காலத்தில் திரைச்சீலை.
சூரியகாந்தி விதை வரும் மாதத்தில் ஒரு பூனை.
கோதுமை பொய்த்த வருடம் லாரிகள் குறைவு,
சமையலறை முழுவதையும் முடித்தேன்,
ஓடு பதித்து, பூச்சுக் காயும்வரை காத்திருந்து.

கொர்னேல் என்றொரு டிரைவர், நாயோடு வருவான்.
வரும்போது முன்சீட்டில் நாய்.
போகும்போது அது இறங்கிப் புறா துரத்திக்கொண்டிருக்கும்.
நாயின் எடையும் பார்லிக் கணக்கில் சேரும் என்று
அவனுக்கு ஒரு நம்பிக்கை.
"மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்," என்றேன்.
"உன் நாய் எட்டு கிலோ. மேடைக்கு அது இல்லவே இல்லை."
அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
மறுநாளிலிருந்து அதற்கு
தினம் இரண்டு தொத்திறைச்சி.

போன மார்ச்சில் மஞ்சள் கதவு வீட்டில்
குழாய் ஒழுக ஆரம்பித்தது.
நான் ஒழுகவைக்கவில்லை.
பிறகு மின்கட்டணம் வந்தது, ஒரு மாதம் தாமதமாக, அபராதத்தோடு.
பூனைக்குச் சிறுநீரகம் கெட்டது.
மேல்மாடிக்காரி, யாரென்றே எனக்குத் தெரியாது,
நள்ளிரவில் மேஜை நகர்த்துகிறாள்.
குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியே
என் தொண்ணூறு விநாடி தீர்ந்துபோகிறது.

நேற்று அந்த வீட்டு ஜன்னலில் அவள்,
நான்தான்,
பாத்திரம் கழுவிய கையைத் துடைக்காமல் நின்றாள்.
கீழே டிராம் போயிற்று. பார்க்கவில்லை.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
இந்தக் கூண்டின் கண்ணாடியில் தினமும் விழுவது.
அவளுக்கு எங்கோ ஒரு துறைமுகம் இருக்கிறது.
உப்புக் காற்று. கொழுத்த புறாக்கள்.
யாரும் மேஜை நகர்த்தாத ராத்திரி.
முகப்பு விளக்கு எரிய எரிய லாரிகள்
ஒருத்திக்காகக் காத்து நிற்கின்றன.
அவள் கையசைத்தால்தான் நகரும்.
அழகாக இருந்தது அவளுக்கு.
எனக்கு வாய் வறண்டது.

ஹாரன்.
த்ரகோமிர் கண்ணாடியைத் தட்டினார், "தூங்குகிறாயா?"
வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.
எழுந்து கையசைத்தேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக,
பார்க்கிறவள் பார்க்கட்டும் என்று.

விளக்கணைக்கும் முன்
மேடையில் ஏறி நின்றேன், கோட்டோடு, தனியாக.
அறுபது என்றது.
வீட்டுத் தராசில் நான் அறுபத்தேழு.
மிச்ச ஏழு கிலோவில் பியானோ அடங்காது.
பூனை அடங்கும்.

குழாய்க்கு நாளைக்கு ஆள் வருகிறானாம்,
பத்து மணி வாக்கில்.
பத்து மணிக்கு இங்கே மக்காச்சோளம்.